ஒரு மண்டலம் பார்ப்போம், அப்புறம் முடிவு பண்ணலாம்

எங்க ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தை முறிக்கணும்னா வக்கீல் ஆபீஸ் ரெண்டாவது ஸ்டாப்தான். முதல் ஸ்டாப் தக்கான் குளம்.

சோளிங்கர் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 2019 வரைக்கும் வேலூர் மாவட்டம், இப்போ ராணிப்பேட்டை மாவட்டம். பெரிய மலைல யோக நரசிம்மர், 1305 படி. எதிர்ல சின்ன மலைல சங்கு சக்கரத்தோட யோக ஆஞ்சநேயர், 406 படி. 108 திவ்ய தேசத்துல ஒண்ணு, திருக்கடிகைன்னு பேரு. கடிகைன்னா நாழிகை, அதாவது 24 நிமிஷம். அந்த 24 நிமிஷம் இங்க இருந்தாலே மோட்சம்னு ஐதீகம். ஆனா மனசு சரியில்லாம வர்றவங்களுக்கு மட்டும் கணக்கு வேற. அவங்களுக்கு ஒரு மண்டலம், 48 நாள். கொண்டபாளையத்துல மலையடிவாரத்துல இருக்கற தக்கான் குளத்துல முங்கி எழுந்து, ஈரத்தோட மலை ஏறி, சாமி பார்த்து இறங்கணும். மறுநாள் திரும்பவும் அதே. சின்ன வயசுலேர்ந்து பார்த்துட்டு இருக்கேன்.

நான் கோயிலைத் திட்ட வரலை. அதுக்கு ஏற்கனவே நிறைய பேர் இருக்காங்க, கோயிலுக்கு வக்காலத்து வாங்கவும் அதே அளவு ஆள் இருக்கு, ரெண்டு கோஷ்டியும் நல்லா இருக்கட்டும். நான் திட்ட வந்தது மேலே தலைப்புல இருக்கற அந்த வசனத்தை.

கடைசியா அதைக் கேட்டது கூடப் படிச்ச ஒருத்தன் வீட்டு ஹால்ல. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) அவன் மனைவிக்குக் குழந்தை பொறந்த மூணாவது வாரத்துலேர்ந்து தூக்கம் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வீடு பூரா கழுவறது, காண்டாக்ட் லிஸ்ட்ல இருக்கற எல்லாருக்கும் போன் போடறது, நகையை அடகு வச்சு துணி பிசினஸ் ஆரம்பிக்கப் போறேன்னு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்து நிக்கறது... டாக்டர் பார்த்துட்டு பைபோலார்னு சொன்னார். தமிழ்ல இருமுனைக் கோளாறு, இருதுருவ மனநோய்னு என்னென்னமோ எழுதறாங்க. கொஞ்ச நாள் மனசு எக்குத்தப்பா மேலே போகும், கொஞ்ச நாள் எழுந்திரிக்கவே முடியாத அளவுக்குக் கீழே போகும், நடுவுல பல மாசம், சில பேருக்குப் பல வருஷம் நம்மளை மாதிரியே இருப்பாங்க. அந்த நடுவுல இருக்கற காலத்தை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. இந்தப் பதிவே அதைப் பத்தினதுதான்.

மாத்திரை ஆரம்பிச்சுப் பத்து நாள்கூட ஆகலை. பெரியம்மா: "இன்னாத்துக்குடா மாத்திரை கீத்திரைன்னு, பால் குடுக்கற பொண்ணு மயங்கி மயங்கி வுழுது. இட்டுகினு போய் கொளத்தாண்ட வைங்க." பால் கொடுக்கற அம்மாவுக்கு எந்த மாத்திரை ஆகும், எது ஆகாதுங்கறது நியாயமான கேள்விதான். டாக்டர்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பெரியம்மாவே கேள்வியும் கேட்டு பதிலும் சொல்லிட்டாங்க.

அதுக்கப்புறம் மாமா சொன்னதுதான் என்னை எழுத வச்சது. "ஒரு மண்டலம் பார்ப்போம். சரியாச்சுன்னா வச்சிக்க. ஆவலைன்னா அவங்க வூட்ல வுட்டுட்டு வந்துடு."

வச்சிக்க, வுட்டுட்டு வந்துடு! மிக்ஸிக்கு வாரண்டி கார்டு பார்க்கற மாதிரி. அந்தப் பொண்ணு உள் ரூம்ல குழந்தையோட படுத்திருந்துச்சு, கதவு கூட சாத்தலை. ஹால்ல பதினோரு பேரு (எண்ணினேன்), ஒருத்தர் கூட அவளை ஒரு வார்த்தை கேட்கலை.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த 48 நாள் டெஸ்ட் ஏன் ஃப்ராடுன்னு சொல்றேன்னா, அது யாரு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே ரிசல்ட்தான் கொடுக்கும்.

மேனியான்னு சொல்ற அந்த மேலே போற கட்டம் மருந்தே இல்லாட்டியும் என்னைக்கோ ஒரு நாள் இறங்கும். சில வாரமோ சில மாசமோ ஆகும், ஆனா இறங்கும். அது இந்த நோயோட குணம். ஏற்கனவே ஒரு மாசம் ஆடி முடிச்ச ஆளைக் கொண்டு வந்து 48 நாள் குளத்துல வச்சா, பாதி பேருக்கு அந்த 48 நாளுக்குள்ள தானாவே இறங்கற கட்டம் வந்துடலாம். உடனே "பாத்தியா, சாமி இருக்கு". மாத்திரை குப்பைல. ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு திரும்ப வருது. மாத்திரையை நிறுத்தினா திரும்ப வர வாய்ப்பு அதிகம்னு எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவார். ஆனா இப்போ வீட்ல என்ன பேச்சு? "அந்த ஆஞ்சநேயராலேயே ஆவல, இனிமே எங்க ஆவப்போவுது." அன்னைக்கு சாயங்காலம் வக்கீலுக்குப் போன் போகுது.

எங்க பொட்டி தட்டற உலகத்துல இது தினம் நடக்கும். ப்ரொடக்ஷன் சர்வர்ல மெமரி லீக். ராத்திரி ஒருத்தன் ரீஸ்டார்ட் பண்ணுவான், காலைல ஜம்முனு ஓடும். மேனேஜர் "இஷ்யூ ஃபிக்ஸ்ட்"னு மெயில் போட்டு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடுவார். ரெண்டு வாரத்துல திரும்ப விழும். அப்போ அதே மேனேஜர் "இந்த அப்ளிகேஷனே வேஸ்ட், தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதுங்க"ம்பார். லாகை ரெண்டு தடவையும் யாரும் பார்த்திருக்க மாட்டாங்க.

கோயில்ல தங்கறதால ஒண்ணுமே நடக்காதுன்னு நான் சொல்லலை. 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்தது. தமிழ்நாட்டுல வேலாயுதம்பாளையம்புதூர்ல இருக்கற முத்துசாமி கோயில்ல தங்கின 31 பேரை நிம்ஹான்ஸ் ஆளுங்க பார்த்து எழுதினது. மருந்து கிடையாது, கோயில் வேலை பார்த்துகிட்டு சும்மா தங்கியிருந்தாங்க. அறிகுறிகளை அளக்கற ஸ்கோர் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அடிக்காம, கட்டிப்போடாம, மரியாதையா நடத்தினதாலதான்னு அவங்க நினைச்சாங்க. நல்ல விஷயம். நம்ம வீட்லயே அந்த மரியாதையைக் கொடுத்திருந்தா அந்த 20 சதவீதம் வீட்லயே கிடைச்சிருக்குமேன்னுதான் எனக்குத் தோணுச்சு. மரியாதை இல்லாத இடத்துல என்ன நடக்கும்னு ஏர்வாடில பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6, விடியறதுக்கு முன்னாடி கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர். சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியலை. மனநலச் சட்டம் 2017, பிரிவு 95, யாரையும் எந்த வடிவத்துலயும் சங்கிலில கட்டக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்கு. அந்த 28 பேரையும் அங்க கொண்டு வந்து விட்டது அவங்கவங்க சொந்தக்காரங்கதான்ங்கறதை நாம அதிகம் பேசறதில்லை.

நிற்க. இவ்வளவு நேரம் மாமாவைத் திட்டிட்டேன். இப்போ நம்ம ஆளுங்க, படிச்சவங்க. நண்பன் இதையே ஆபீஸ்ல சொன்னப்போ வந்த அட்வைஸ்: "மச்சி, ரொம்ப யோசிக்காத. வெளிய வந்துடு. யூ டிசர்வ் பெட்டர்." லேப்டாப் வாங்கறதுக்கு நாலு ரிவ்யூ படிக்கற பயலுக, இந்த நோய் பத்தி ஒரு பக்கம் படிக்காம கேண்டீன்ல டீ ஆறுறதுக்குள்ள விவாகரத்து கொடுத்துட்டாங்க. மாமாவாவது 48 நாள் டைம் கொடுத்தார். இவங்க கொடுத்தது திருக்கடிகைக் கணக்கு, 24 நிமிஷம் :-(

ரெண்டு கோஷ்டிக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. ரெண்டு பேருமே இந்தக் கேள்வியைப் புருஷன்கிட்டதான் கேக்கறாங்க.

குளத்தங்கரையில ஒரு நாள் உட்கார்ந்து யார் யாரைக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு பாருங்க. நான் பார்த்த வரைக்கும், புருஷனுக்கு முடியலைன்னா கூட இருக்கறது பொண்டாட்டி. பொண்டாட்டிக்கு முடியலைன்னா கூட இருக்கறது அவளோட அம்மா. புருஷன் ஞாயித்துக்கிழமை பைக்ல வந்து அரை மணி நேரம் நின்னுட்டுப் போவான். நானா கதை விடலை. சென்னைல ஸ்கார்ஃப் அமைப்பு (டாக்டர் சாரதா மேனன் 1984ல ஆரம்பிச்சது) 2003ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஸ்கீசோஃப்ரீனியா வந்து கல்யாணம் உடைஞ்ச பெண்களைப் பத்தினது. நோய் வேற, ஆனா வீடு இதே வீடுதான். நோயால வந்த அவமானத்தை விட, புருஷன் விட்டுட்டுப் போனவங்கற அவமானம்தான் அவங்களுக்குப் பெருசா வலிச்சிருக்கு. வயசான அப்பா அம்மாதான் அவங்களைப் பார்த்துக்கறாங்க.

மறுபக்கத்துல எங்க தெருவுலயே ஒரு அக்கா. ஷூ கம்பெனி வேலை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகள்ல மெஷின்ல உட்கார்ந்திருக்கறதுல பெரும்பாலானவங்க பெண்கள்தான், விடியக் காலைல கம்பெனி வண்டி வந்து அள்ளிட்டுப் போகும். அக்கா வீட்டுக்காரருக்கு பைபோலார் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆகுது. இந்தப் பத்து வருஷத்துல ஒரு மாமாவும் ஹால்ல உட்கார்ந்து "இரும்மா, ஒரு மண்டலம் பார்ப்போம், ஆகலைன்னா நீ வந்துடு"ன்னு அவங்ககிட்ட சொன்னது கிடையாது. ஆபீஸ் பசங்க மாதிரி "யூ டிசர்வ் பெட்டர்" சொல்லவும் ஆள் இல்லை. அவங்க இருப்பாங்கங்கறது எல்லாருக்கும் தெரியும், கேட்க என்ன இருக்கு?

நான்தான் கேட்டேன். நீங்க ஏங்க்கா போகலைன்னு. அவங்க சிரிச்சுட்டு சொன்னது அப்படியே:

"அது மாத்திரை போடற வரைக்கும் நா இருப்பேன். மாத்திரைய நிறுத்திச்சுன்னா புள்ளைங்கள இட்டுகினு எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன். அது நல்லா இருக்கும்போதே உக்கார வச்சு சொல்லிட்டேன். அதுவும் சரின்னு சொல்லிச்சு."

இந்த நாலு வரியில இருக்கற தெளிவு அந்த ஹால்ல இருந்த பதினோரு பேருக்கும் இல்லை. "நல்லா இருக்கும்போதே" - அதான் விஷயமே. மேனியால இருக்கற ஆள்கிட்ட பேசி எந்த ஒப்பந்தமும் போட முடியாது, அப்போ அவருக்கு நோயே கிடையாது, நீங்கதான் லூசு. டிப்ரஷன்ல இருக்கறவர்கிட்டயும் முடியாது, "என்னை விட்டுட்டுப் போயிடு, நீயாவது நல்லா இரு"ம்பார். அதை சம்மதம்னு எடுத்துக்கிட்டுக் கிளம்பினவங்களும் இருக்காங்க. நடுவுல இருக்கற அந்த நல்ல மாசங்கள்லதான் எதிர்ல இருக்கறது யாருன்னு தெரியும். எனக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒத்துக்கறாரா, மாத்திரை போடறாரா, போன தடவை நடந்ததுக்கு முகத்தைப் பார்த்துப் பேசறாரா? இதைப் பார்த்துட்டு இருக்கறதா போறதான்னு முடிவு பண்ணினா, அது எந்தப் பக்கம் போனாலும் நான் தலை வணங்கறேன். நோயோட பேரை மட்டும் கேட்டுட்டு எடுத்த முடிவுக்கு வணங்க மாட்டேன்.

அக்கா வீட்ல அந்த ஒப்பந்தம் எப்படி ஓடுதுன்னு கேட்டா ரொம்ப சாதாரணம். ஏடிஎம் கார்டு அக்காகிட்ட. தொடர்ந்து ரெண்டு ராத்திரி தூங்கலைன்னா மூணாவது நாள் டாக்டர், விவாதம் கிடையாது. தூக்கம் கெடறதுதான் முதல் மணி, தூக்கம் கெட்டதாலயே மேனியா கிளம்பறதும் உண்டு. அதனால அவர் நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி வேலையை விட்டுட்டுப் பகல் வேலைக்கு மாறிட்டார், சம்பளம் கம்மிதான். லித்தியம் மாத்திரை. 1949ல ஆஸ்திரேலியால ஜான் கேட்ங்கற டாக்டர் கண்டுபிடிச்ச வைத்தியம், இன்னைக்கும் முன்வரிசைல நிக்குது, ஒரு மாத்திரை சில ரூபாய்தான். ஆனா ரத்தத்துல அதோட அளவைப் பார்த்துக்கிட்டே இருக்கணும், கிட்னி, தைராய்டு டெஸ்ட் எடுக்கணும். அக்காவுக்கு இஎஸ்ஐ இருக்கறதால வீட்டுக்காரருக்கும் அதுலயே ஓடுது. பாருங்க, இந்தக் கல்யாணம் நிக்கறதுக்கு ஒரு காரணம் காதல், ஒரு காரணம் இஎஸ்ஐ கார்டு. சினிமால ரெண்டாவது காரணத்தைக் காட்ட மாட்டாங்க.

சினிமான்னதும் ஞாபகம் வருது. தமிழ்ல பைபோலார்ங்கற வார்த்தையை வீடு வீடா கொண்டு போனது 2012ல வந்த '3'. அதுல ஹீரோ தன் நோயை மனைவிகிட்ட மறைக்கறான், நண்பன் அதுக்குத் துணை போறான், கடைசில அவன் சாகறான். மறைச்சதைப் படம் என்னமோ பெரிய காதல் மாதிரி காட்டும், தியேட்டர்ல அழுதாங்க. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பொண்ணுக்கு முடிவு எடுக்கற உரிமையே கொடுக்காம அவளுக்காகத் தியாகம் பண்றானாம்!

மறைக்கறதுல நம்ம ஊர் பெருசுங்க அந்த ஹீரோவை விட கில்லாடிங்க. "கல்யாணம் பண்ணி வச்சா சரியாப் பூடும்"ங்கற மகா வாக்கியத்தைக் கேட்காதவங்க உண்டா? கல்யாணம் இந்த நோய்க்கு மருந்து இல்லை. கல்யாண வீட்டுத் தூக்கமின்மையும், பிரசவமும்தான் கிளப்பி விடற காரணங்கள்ல இருக்கு. குறிப்பா ஏற்கனவே பைபோலார் இருக்கற பெண்ணுக்குப் பிரசவத்துக்கு அடுத்த வாரங்கள் ரொம்ப ஆபத்தானவை. வால்ப்ரோயேட்னு ஒரு மாத்திரை கர்ப்பத்துல இருக்கற குழந்தையைப் பாதிக்கும், முன்கூட்டியே மாத்தணும். விஷயம் வெளிய தெரிஞ்சா டாக்டரோட உட்கார்ந்து இதையெல்லாம் திட்டம் போடலாம். மறைச்சா? மாத்திரையை புடவைக்கு நடுவுல ஒளிச்சு வச்சு, ஒரு நாள் மாமியார் பார்த்துடுவாங்களோன்னு பயந்து அதையும் நிறுத்தி... அந்தப் பொண்ணைக் கவுத்தது நோய் மட்டுமா? இதே மறைப்புதான் ஏமாந்தவங்களுக்கும் அநியாயம். தெரிஞ்சு கட்டிக்கிட்டவங்க இருக்கறதா போறதான்னு யோசிக்கறது வேற. ஏமாத்திக் கட்டி வச்சுட்டு "இப்போ விட்டுட்டுப் போனா பாவம்"னு தர்மம் பேசறது வேற.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்துடலாம், ஏன்னா மாமாக்கள் பாதி பேர் "பைத்தியம்னு சர்ட்டிபிகேட் வாங்கினா ஈசியா கிடைச்சுடும்"னு நம்பறாங்க. கிடைக்காது. இந்து திருமணச் சட்டம் 13வது பிரிவு 1976ல திருத்தப்பட்டப்போ, விட்டு விட்டு வர்ற மனநோயும் விவாகரத்துக்குக் காரணம் ஆகலாம்னு வந்தது உண்மை. ஆனா கூட வாழ முடியாத வகையிலும் அளவுலயும் அது இருக்கணும். நோய்க்கு ஒரு பேர் இருக்கறது மட்டும் போதாது, தீவிரம் என்னன்னு நிரூபிக்கணும்னு 1988லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2013ல ஒரு டாக்டர் தம்பதி வழக்கு. மனைவிக்கு ஸ்கீசோஃப்ரீனியான்னு புருஷன் விவாகரத்து கேட்டார். அந்தம்மா மேல படிச்சு, அரசு வேலையும் பார்த்துட்டு இருந்தாங்க. கொடுக்க முடியாதுன்னுட்டாங்க. ஏமாத்திக் கட்டி வச்ச கேஸுக்கு 12வது பிரிவு தனியா இருக்கு, ஆனா உண்மை தெரிஞ்ச ஒரு வருஷத்துக்குள்ள போகணும், தெரிஞ்சப்புறம் சம்மதத்தோட சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. 2017 சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு: எப்பவோ ஆஸ்பத்திரில இருந்தாங்கங்கறதை மட்டும் வச்சு இப்பவும் மனநோய்னு முடிவு கட்ட முடியாது. பழைய டிஸ்சார்ஜ் ஷீட்டைத் தேடற மாமாக்கள் கவனிக்க.

தீர்ப்பைப் படிச்சுட்டு "பாத்தியா, கோர்ட்டே கூட இருன்னு சொல்லுது"ன்னு குதிக்காதீங்க. கோர்ட் ஒரு காரணத்தை ஏத்துக்கலைங்கறதுக்கு அவ்வளவுதான் அர்த்தம். அடி வாங்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், முதல்ல வெளிய வாங்க. நோய்ல அடிச்சார்ங்கறது ஏன் அடிச்சார்ங்கறதுக்குப் பதில், நீங்க ஏன் வாங்கணும்ங்கறதுக்குப் பதில் இல்லை. வெளிய வந்து ஒரு பாதுகாப்பான இடத்துல இருந்துகிட்டு வைத்தியம் பார்க்க வைக்கலாம், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு உத்தரவும் வாங்கலாம். அப்புறம் பொறுமையா இருக்கறதா போறதான்னு யோசிக்கலாம். பைபோலார் இருக்கற எல்லாரும் அடிக்கறவங்க கிடையாதுங்கறதையும் சேர்த்தே சொல்லிடறேன், இல்லைன்னா இந்தப் பத்தியை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போய் ஒருத்தன் வாட்ஸ்அப்ல போடுவான்.

மாத்திரையை ஒத்துக்காதவரோட, நல்லா இருக்கற காலத்துலயும் "எனக்கு ஒண்ணும் இல்லை, உனக்குத்தான்"னு சொல்றவரோட, பல வருஷம் போராடிட்டுக் கிளம்பறவங்களையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்களைக் குத்தம் சொல்றவங்க யாரும் ஒரு ராத்திரி கூட அந்த வீட்ல தங்கியிருக்க மாட்டாங்க.

தங்கறதுன்னதும் பாகாயம். சிஎம்சியோட மனநல மையம் 1957ல அங்க வந்தது. நோயாளியோட வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும்ங்கற முறைக்குப் பேர் போன இடம். அதே 1950கள்ல அமிர்தசரஸ்ல டாக்டர் வித்யா சாகர் ஆஸ்பத்திரி வளாகத்துலயே டென்ட் அடிச்சு நோயாளிகளோட குடும்பத்தைத் தங்க வச்சார். ஏன்னு யோசிச்சா புரியும். கூட இருந்து பார்த்தவனுக்குத்தான் எது நோய், எது ஆளுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியும். அதனால நண்பன்கிட்ட நான் சொன்னது, மண்டலக் கணக்கு வேணும்னா வச்சுக்கோ, ஆனா அந்த 48 நாளும் மாமியாரை அனுப்பாம நீ லீவு போட்டு அவ கூட இரு. மாத்திரையோட இரு. குளத்துக்குப் போகணும்னு அவ ஆசைப்பட்டா அதுக்கும் போ, மாத்திரை போட்டுட்டு சாமி கும்பிடக் கூடாதுன்னு எந்த சாஸ்திரத்துலயும் இல்லை. 48 நாள் முடிஞ்சதும் அவனும் முடிவு எடுக்க வேண்டாம், மாமாவும் எடுக்க வேண்டாம். அவ தெளிஞ்சு உட்கார்ந்தப்புறம் ரெண்டு பேரும் பேசட்டும். இருக்கறதா போறதாங்கற கேள்வி அவளுக்கும் உண்டு. ஹால்ல தன்னை மிக்ஸி மாதிரி பேசினப்போ வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்த புருஷனோட இனிமேலும் இருக்கறதான்னு அவளும் யோசிக்கலாம்ல?

அவன் இன்னும் எனக்குப் பதில் சொல்லலை. லீவு போட்டிருக்கான், அது வரைக்கும் தெரியும்.

பி.கு: 2015-16 தேசிய மனநல ஆய்வுல பைபோலார் இருக்கறவங்கள்ல சுமார் 70 சதவீதம் பேருக்கு சிகிச்சையே போய்ச் சேரலைன்னு இருக்கு. வேலூர் வரைக்கும் போக முடியாதவங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரில மாவட்ட மனநலத் திட்டம்னு சொல்லிக் கேளுங்க, மாத்திரை காசில்லாம கிடைக்கும். தெளிவா இருக்கற காலத்துலயே "எனக்கு முடியாமப் போனா இப்படித்தான் வைத்தியம் பார்க்கணும், இன்னார்தான் என் சார்பா பேசணும்"னு எழுதி வைக்க 2017 சட்டத்துல வழி இருக்கு. டெலி மனஸ் நம்பர் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். நோயாளிதான் கூப்பிடணும்னு இல்லை, வீட்ல இருக்கறவங்களும் கூப்பிடலாம். மாமாக்களும்தான்.